படக்கப்பல்

கப்பலைப் பற்றி எனக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. மட்டாஞ்சேரியில் பிறந்தவர்கள் பலருக்கும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள்தான் படகுத்துறையில் நின்றுகொண்டு வாயைப் பிளப்பார்கள். எங்களுக்குக் கப்பல் என்பது தூளியில் அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை எழுப்பிவிடுகிற ஓர் ஊளைச் சத்தம். அதிலும் பழங்காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல், அதன் பீரங்கி, அதன் சரித்திரம் என்று யாராவது பேச வந்திருந்தால், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போயிருப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு மழைக்காலத்தின் முடிவில் அந்தக் கப்பல்களின் காலில் போய் விழ வேண்டி வந்தது.

நானும் என் கணவரும் ஒரே மிளகு கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கம்பெனியின் டெம்போ ஓட்டினார், நான் ஆபீஸில் பில் போட்டேன். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஒன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒன்றாக வீட்டில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. சுள்ளிக்கல்லில் எங்கள் வாடகை வீட்டுக்கு இருப்பதே ஒன்றரை அறை. சண்டை போட்டுவிட்டு எழுந்து போகக்கூட இடமில்லை.

அவருக்குச் சொந்த ஊர் திருப்பூர் பக்கம். வாலிபத்தில் வேலை தேடிக் கொச்சிக்கு வந்தவர். அவருடைய அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேஸ்திரி. விஷயம் கேள்விப்பட்டதும் போன் செய்தார். வண்டி ஓட்டத் தம்பிக்கும், செக்கிங்கில் உட்கார எனக்கும் இடம் இருக்கிறது, பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு வந்து சேருங்கள் என்றார். தங்கமான மனுஷர், அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சியும், "தமிழ்நாட்டிலேக்கல்லே போகுந்நது, நின்டெ நாட்டிலேக்கு! சந்தோஷமல்லே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

எனக்குச் சந்தோஷமில்லை. நான் மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் பிறந்து, மலையாளம் படித்து, இஞ்சி மூட்டைகளுக்கு நடுவே நடந்து பள்ளிக்கூடம் போனவள். தமிழ் எனக்கு வீட்டுக்குள் பேசுகிற பாஷை. எழுத்துகளை அப்பா தினசரிக் காலண்டரை வைத்துச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். ஒருமுறை திருப்பூரில் கல்யாண வீட்டுப் பந்தியில் "கொஞ்சம் வெள்ளம் தாங்கோ" என்று கேட்டுவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "பவானியில போகுதுங்க, போய் எடுத்துக்குங்க" என்று பரிமாறினவன் சொல்ல, பந்தியே சிரித்தது. ஒரு பந்தி சிரித்ததே தாங்கவில்லை, ஓர் ஊரே தினமும் சிரித்தால்? ஒன்பதாவது படிக்கிற என் மகள் தமிழ் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அவளைக் கொண்டுபோய் எந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பேன்? எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. அதை அவரிடம் அழுதும் சொன்னேன், கத்தியும் சொன்னேன்.

"இங்க பாரு புள்ள, பொங்கலுக்குள்ள இங்க நிலையா ஒரு வேலை அமைஞ்சா இருப்போம். இல்லீன்னா போவோம்" என்றார் அவர். நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போட முடியாது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அந்தச் சமயத்தில்தான் பஜார் ரோட்டில் ஒரு பழைய இஞ்சிக் கிட்டங்கிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளி அதைப் பிடித்திருந்தார். எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். பாய்மரப் போர்க்கப்பல்களின் மாதிரிகளைத் தேக்கில் செய்துவைத்து, டிக்கெட் போட்டுக் காட்டப் போகிறார் என்றார்கள். ஐயப்பன் சீசன் வரப்போகிறது, மலைக்குப் போய்விட்டுத் திரும்புகிற தமிழ்நாட்டு பஸ்கள் எல்லாம் மட்டாஞ்சேரியில் நிற்கும், அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"மோள்க்கு தமிழ் அறியாமோ?" என்று கேட்டார் கேப்டன்.

"வீட்டில் தமிழாணு சாரே."

"வாயிக்கானும் எழுதானும்?"

"ஓ, அதும் அறியாம்" என்றேன், படிக்கவும் எழுதவும் தெரியும் என்று. வேலை தேடுகிறவள் வேறு என்ன சொல்வாள்?

மகரவிளக்கு முடியும்வரை பார்ப்போம் என்றார் அவர். தமிழ்க்காரர்கள் உள்ளே வந்து நின்று கேட்டால் வேலை தொடரும், வாசலோடு போய்விட்டால் சீசனோடு முடிந்தது. மகரவிளக்கும் பொங்கலும் ஒரே சமயத்தில்தான் வரும். ஆக என் வேலைக்கும் திருப்பூர் பஸ்ஸுக்கும் ஒரே நாள் குறித்தாகிவிட்டது.

கிட்டங்கிக்குள் முதன்முதலாக நுழைந்தபோது எனக்குத் தெரிந்த வாசனைதான் வந்தது. கழுவினாலும் இஞ்சி வாசனை போகாது. நடுவே வரிசையாகக் கப்பல்கள், சில என் தோளுயரம். கேப்டன் ஒவ்வொன்றாக நடந்து சொன்னார். நான் தமிழில் யோசித்து, மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டேன். எனக்கு வேகமாக வருவது அதுதான்.

முதல் கப்பலில் பீரங்கியே இல்லை. எதிரியின் கப்பலோடு ஒட்டி நின்று, கயிறு வீசி இழுத்து, வாளோடு தாவி ஏறுவதுதான் சண்டை. மேலே நின்று அடித்தால் வசதி என்று முன்னாலும் பின்னாலும் கோட்டை மாதிரி உயர்த்திக் கட்டினார்கள். பிறகு சின்னத் துப்பாக்கிகளை அந்தக் கோட்டையில் ஏற்றினார்கள். பெரிய பீரங்கியை அங்கே வைத்தால் தலை கனத்துக் கப்பல் கவிழும். கீழ்த்தளத்தில் வைக்கலாம், ஆனால் சுவர் மறைக்கிறதே! அப்போது எவனோ ஒரு தச்சன் கப்பலின் விலாவில் சதுரமாக ஓட்டை வெட்டி, மேலே கீல் வைத்து, அதற்கு ஒரு கதவும் போட்டான். கப்பல் சண்டையே அதோடு மாறிப்போயிற்று என்றார் கேப்டன். எனக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. கடலில் போகிற வீட்டுக்கு ஜன்னல் வைத்த கதை என்று எழுதிக்கொண்டேன்.

நம்முடைய கரையில் ஓடிய பழைய கப்பல் ஒன்றும் இருந்தது. பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். கரையில் தட்டினாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. ஆனால் கனத்த பீரங்கி வெடித்துப் பின்னால் உதைக்கிற உதையைத் தையல் தாங்காது என்றார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பீரங்கிக் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வந்தபோது வந்த வித்தியாசம் அதுதானாம்.

"மிளகு வாங்க வந்தவன் எதுக்கு சாரே பீரங்கி கொண்டு வந்தான்?" என்று கேட்டேன்.

"வில பேசான்" என்றார் கேப்டன். விலை பேசத்தானாம்.

மிளகு கம்பெனியில் பில் போட்டவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அவர் அளவு சொல்வார், நான் அடுப்பு எங்கே என்று கேட்பேன். முதலில் எரிச்சல்பட்டார். பிறகு அவரே தேடிப் படித்துவிட்டு வந்து சொல்ல ஆரம்பித்தார். செங்கல் வைத்து அடுப்பு கட்டியிருப்பார்களாம். சண்டை என்றால் முதல் வேலை அந்த அடுப்பை அணைப்பது, கப்பல் முழுக்க வெடிமருந்து இருக்கிறதே. பீரங்கிக்கும் பீரங்கிக்கும் இடையில்தான் சாப்பாடு, அங்கேயே தூளி கட்டித் தூக்கம். குண்டு பட்டுச் செத்தவர்களைவிட, குண்டு பட்ட பலகை சிலாம்பு சிலாம்பாகத் தெறித்துச் செத்தவர்கள் அதிகம் என்றார். அன்றைக்கு எனக்குக் கப்பல்மேல் இருந்த கோபம் குறைந்தது. அதற்குள்ளே பசியோடு மனிதர்கள் இருந்தார்கள் என்று தெரிந்த பிறகு எப்படிக் கோபப்படுவது?

சீசன் தொடங்குவதற்கு முன் வாசலுக்குத் தமிழில் ஒரு போர்டு வேண்டும் என்றார் கேப்டன். நானே எழுதுகிறேன் என்று ஜம்பமாகச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் கடைச் சேட்டனிடம் போய் வாய்விட்டுச் சொன்னேன், அவர் போனில் தமிழ் எழுத்தைத் தட்டித் தட்டிப் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டோம். தேங்காய் அளவு எழுத்தில் போர்டு ஏறியது: ‘பழங்காலப் படக்கப்பல் காட்சி. உள்ளே வாருங்கள்.’

கூட்டம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கூட்டம். முதல் பஸ்ஸிலிருந்து இறங்கிய கறுப்பு வேட்டிச் சாமிமார் போர்டைப் பார்த்ததும் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போகிறதை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். கேப்டன் டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கை சளைத்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் மாலை போட்டவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, திருப்பூர் பஸ் வைட்டிலா பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் இல்லாமல் கிளம்பிப் போவதுபோலக் கற்பனை செய்துகொண்டேன்.

உள்ளே வந்தவர்கள் கப்பலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்கள், மூலையைப் பார்த்தார்கள், ஒருவர் திரைச்சீலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமி, "சாமி, முதல் கப்பலில் பீரங்கி கிடையாது" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும்க்கா. இது எந்தப் படத்துல வந்த கப்பல்?" என்று ஓர் இளவட்டச் சாமி போனை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"படமா?"

"ஹீரோ போட்டோ ஒண்ணையும் காணோமே. ஷூட்டிங் இங்கதான் நடந்துச்சா?" என்றார் இன்னொருவர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கனத்த குரல், "ஏம்மா, சினிமாக் கப்பல்னு போர்டு போட்டு ஆளைக் கூப்பிட்டுட்டு, உள்ளாற மரப் பொம்மையைக் காட்டுறியா? மாலை போட்டவங்களை ஏமாத்தினா நல்லாருப்பியா?" என்றது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சினிமா என்று எங்கேயாவது எழுதியிருந்தால் காட்டுங்கள் என்று சொல்லி அவரை வாசலுக்கே இழுத்துக்கொண்டு போனேன். அவர் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். "படம். கப்பல். படக்கப்பல். கீழே காட்சின்னு வேற போட்டிருக்கு. காலைக் காட்சியா, மேட்னியா?"

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் ‘பட’ என்றால் சேனை. ‘படக்கப்பல்’ என்றால் போர்க்கப்பல். பிறந்ததிலிருந்து அப்படியே காதில் விழுந்த சொல், அப்படியே போர்டில் ஏறிவிட்டது. தமிழில் அது சினிமாக் கப்பல் ஆகிவிடும் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை, ஃப்ளெக்ஸ் கடைச் சேட்டனுக்கு எப்படி எட்டும்? மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்வார்களே, என் மானம் அன்றைக்குத் தேங்காய் அளவு எழுத்தில் ஏறி பஜார் ரோட்டில் தொங்கியது.

டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு உள்ளே சத்தம் கிளம்பியிருந்தது. கேப்டனுக்கு வேகமாகப் பேசுகிற தமிழ் புரியாது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டே நின்றார். இவர்கள் வெளியே போனால் என் வேலையும் இவர்கள் பின்னாலேயே போகும் என்று எனக்குத் தெரிந்தது. பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் திறக்கும்.

"சாமி, ஒரு நிமிஷம்!" என்று ஒரு ஸ்டூல்மேல் ஏறிக் கத்தினேன். "பந்திக்கு முந்துன்னு சொல்லுவோமே, அடுத்தது என்ன?"

நாலைந்து குரல்கள் சேர்ந்து, "படைக்குப் பிந்து!" என்றன.

"அந்தப் படைதான் சாமி இந்தப் பட. எங்க ஊர்ல ஐகாரம் தேய்ஞ்சுபோகும். படைக்கப்பல்னு எழுத வேண்டியது, நான் படக்கப்பல்னு எழுதிட்டேன். தப்பு என்டெ தப்புதான். நீங்க பந்திக்கு முந்தற மாதிரி படைக்கு முந்தி வந்துட்டீங்க, வந்தது வந்தாச்சு, ஒரு கப்பலையாவது பார்த்துட்டுப் போங்கோ."

சிரித்தார்கள். திருப்பூர்ப் பந்தியில் கேட்ட சிரிப்பு போல இல்லை இது. இதில் எனக்கும் பங்கு இருந்தது. காசு கேட்டவர்கள்கூடக் கையைக் கீழே போட்டார்கள். அவர்களை நேராக நடுவில் இருந்த பெரிய கப்பலுக்கு அழைத்துப்போனேன். அதன் விலாவில் கதவுகள் மூடிக் கிடந்தன. கூட்டத்தின் குருசாமி, வெள்ளைத் தாடிக்காரர், குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, தண்ணிக்கு இவ்வளவு பக்கத்துல ஜன்னலை வெட்டினா உள்ளாற தண்ணி வராதா?" என்று கேட்டார்.

"வரும் சாமி. அலை பெரிசானா கதவை இழுத்து அடைப்பாங்க. மறந்துட்டா, கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்த வழியாவே தண்ணி ஏறி மொத்தமும் முங்கும். எதிரி ஒரு குண்டும் போடாம, தன் சொந்த ஜன்னலாலயே முங்கின கப்பல் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வெட்டினான்?"

"வெட்டலைன்னா பீரங்கியை மேலே வைக்கணும். மேலே வைச்சா தலை கனத்துக் கவிழும். வெட்டினாலும் பயம், வெட்டலைன்னாலும் பயம். மனசிலாச்சா சாமி?"

"மனசிலாச்சு, மனசிலாச்சு" என்று இரண்டு பேர் என்னைக் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். இந்தக் கப்பலுக்கு மூக்குக்கு நேரே அதிகம் சுட முடியாது, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றுதான் சண்டைக்கு வரும் என்று சொல்லி நானே நின்று காட்டினேன். அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து, எல்லாக் கப்பலும் ஒரே பக்கமாக விலாவைக் காட்டிப் போகுமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கேப்டன் செய்துவைத்திருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கதவுகள் அத்தனையும் சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ள, மூன்று அடுக்கிலிருந்தும் பீரங்கிகள் வாயைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தன.

"சாமியே சரணம் ஐயப்பா!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

அதற்குப் பிறகு யாரும் சினிமாவைக் கேட்கவில்லை. அடுப்பை அணைத்த கதையைச் சொன்னபோது, "அப்ப அன்னிக்குப் பூரா பட்டினியா?" என்று குருசாமி நிஜமான கவலையோடு கேட்டார். விரதம் இருக்கிறவர்களுக்குப் பசியை விளக்க வேண்டியதில்லை. என்னை ஏமாற்றுக்காரி என்று சொன்ன கனத்த குரல்காரர் போகும்போது, "எங்க ஊருப் பக்கம் வந்தா சொல்லும்மா" என்றார். எந்த ஊர் என்று சொல்ல மறந்துவிட்டார்.

மறுநாள் காலை கேப்டனிடம் போர்டின் கதையைச் சொன்னேன். அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார். "படக்கப்பல் என்னு தன்னெயல்லே? எந்தா குழப்பம்?" என்றார். விளக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஆள் வருந்நுண்டல்லோ மோளே. அது அவிடெ கிடக்கட்டே" என்றார்.

எனக்கும் ஆசைதான். கிடக்கட்டும் என்று விட்டால் தமிழ்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், என் வேலை நிற்கும், என் மகள் அவள் பள்ளிக்கூடத்திலேயே பத்தாவது எழுதுவாள். ஆனால் ஒவ்வொரு பஸ்ஸும் ஏமாந்த முகத்தோடு உள்ளே வரும். ஒவ்வொரு தடவையும் ஸ்டூல்மேல் ஏறி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கப்பலைத் தொட முடியும். அதைவிட, என் பாஷையைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று பயந்து திருப்பூர் போக மாட்டேன் என்றவள், அதே பிழையை வாசலில் மாட்டிவைத்து ஆள் பிடிப்பதா? எனக்கு அது அசிங்கமாக இருந்தது. "வேண்டாம் சாரே. ஆள் குறைஞ்சாலும் சரி, திருத்தணும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கேப்டனாக இருந்தவரிடம் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அவர் உள்ளே போய், கப்பல்களுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்டையும் ஒரு தூரிகையையும் எடுத்து வந்தார். நான் ஏணியில் ஏறினேன், அவர் பிடித்துக்கொண்டார். பகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவில் இடமே இல்லை. இருந்த இடைவெளியில் இணைக்கொம்பை நெருக்கிச் செருகினேன். அது தலை தூக்கிக்கொண்டு, இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக உட்கார்ந்த ஆள்போல இருந்தது. ‘படைக்கப்பல்’.

இரண்டு நாள் கூட்டம் குறைந்தது. வீட்டில் கப்பல் கவிழ்ந்ததுபோலக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். "அதான் அத்தனை கப்பலும் உன்கிட்ட நல்லாத்தானே நிக்குது, எது கவுந்துச்சு?" என்றார் என் கணவர். அவருக்கு அப்படியும் கேலி செய்ய வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாளிலிருந்து வேறு விதமாக வர ஆரம்பித்தார்கள். போர்டில் எழுத்துப் பிழை கண்டால் தமிழனால் சும்மா போக முடியாது. அந்தச் சிவப்புக் கொம்பைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை எழுதினது?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். "கொம்பை இப்படி நெருக்கி வைக்கக் கூடாது" என்றார் ஒரு தமிழாசிரியர் சாமி. "பழங்காலப் போர்க்கப்பல்னே போடலாமே" என்றார் ஒரு வக்கீல் சாமி. அப்படியே போடலாம்தான். எனக்குத் தோன்றவில்லை, பிறகு தோன்றியும் மாற்றவில்லை. திருத்த வந்தவர்களை டிக்கெட் வாங்க வைத்து, கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொல்லிவிடுவேன். தமிழாசிரியர் சாமி என் பேச்சில் எத்தனையோ பிழை கண்டுபிடித்தார், ஆனால் கடைசிக் கப்பல்வரை நகரவில்லை. நீராவி வந்து, இரும்பு வந்து, பாய் இறங்கி, மரக்கப்பல்களை விறகுக்கு உடைத்தார்கள் என்று நான் முடித்தபோது, "அடடா" என்றார். அந்த ‘அடடா’வுக்காகத்தான் இன்றைக்கும் நான் தமிழில் எழுதிப் பழகுகிறேன். ஒற்று எங்கே மிகும் என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

இதற்கிடையில் என் கணவருக்கு இடக்கொச்சியில் ஓர் ஐஸ் கம்பெனியில் வண்டி கிடைத்தது. வழக்கமான டிரைவர் வராத நாளில் மட்டும் ஓட்டுகிற வேலை. ஒருநாள் சவாரி முடிந்து, என்னைக் கூட்டிப்போக வந்தவர் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டார். நான் கவனிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துப் பக்கவாட்டில் நின்று காட்டியபோதுதான் கறுப்பு வேட்டிகளுக்கு நடுவே அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது, ஆனால் பாதியில் நிறுத்த முடியாது. அவர் கடைசிவரை நின்றார். திரும்பும்போது வழியில் சாயா வாங்கிக் கொடுத்தார். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

மகரவிளக்குக்கு முந்தைய நாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். "நீ பறயுந்நதில் பாதி தெற்றாணு" என்று ஆரம்பித்தார். பாதி தப்பு என்கிறார். எனக்குச் சொரேல் என்றது. அவரே தொடர்ந்தார்: நான் சரியாகச் சொன்னால் பத்து நிமிஷத்தில் ஆள்கள் போய்விடுகிறார்கள், நீ தப்பாகச் சொன்னாலும் நிற்கிறார்கள். தப்பை நான் திருத்துகிறேன், நீ சொல்லு. தமிழ்க்காரர்கள் இல்லாத நாளில் மலையாளத்தில் சொல்லு. சீசன் முடிந்தும் வரவேண்டும்.

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். ஆனால் சந்தோஷம் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நிலையான வேலை எனக்குத்தான் அமைந்திருக்கிறது. அவருக்கு இங்கே நாலு நாள் வண்டி உண்டு, நாலு நாள் இல்லை. அங்கே தினமும் வண்டி, சொந்த பாஷை, கூடப்பிறந்த அண்ணன். இத்தனை வருஷம் கழித்து அவர் தன் ஊருக்குத் திரும்ப ஒரு வழி திறந்திருக்கிறது, நான் அதை அடைக்கப் பார்க்கிறேன். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சந்துக்குள் திரும்பும்போது அவர் வாசல் குழாயடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். திருப்பூரிலிருந்து அண்ணன்தான், அந்த மரியாதையிலேயே தெரிந்தது. என் வேலை நிலைத்த விஷயம் என் கணவருக்கு இன்னும் தெரியாது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இல்லீங்ணா, அது பொம்மையில்லீங்ணா. வெலாவுல ஜன்னல் வெச்சு, கதவு போட்டு, கயித்த இழுத்தா அத்தனையும் ஒண்ணா தூக்கும். நேரா சுடாதுங்ணா, பக்கவாட்டுலதான்" என்று சொல்லிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குழாயடியில் இடுப்பில் கைவைத்து நின்று காட்டினார், அண்ணனுக்குத் தெரியும் என்பதுபோல. "ஆமாங்ணா, அவதான் சொல்றா. அத்தனை சனமும் வாயப் பொளந்துட்டுக் கேக்குதுங்ணா."

அந்தப் பக்கம் அண்ணன் நீளமாக ஏதோ சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் வண்டி எங்க வேணா ஓட்டிக்குவேனுங்ணா. இவள அங்க கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவா? திருப்பூர்ல ஏதுங்ணா கடல்?"